வெள்ளையாக விட்ட வரி

டீச்சரின் வகுப்பில் ஆளுக்கொரு கலர் பென்சில் பெட்டி இருக்கும். குழந்தைகள் படம் வரைகிற அதே பெட்டிதான். முதல் நாள் அதை வாங்கி வரச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்பு படிக்கிறவர்களுக்கான பிற்பகல் கல்லூரி அது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், பேக்கரியில் மாவு பிசைகிறவர், நர்ஸ், பஸ் கண்டக்டர் என்று காலை ஷிப்ட் முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று மணிக்கு வந்து உட்காருகிறவர்கள்.

"என் பொண்ணோட பெட்டியையே தூக்கிட்டு வந்துட்டேன் டீச்சர். இந்நேரம் ஸ்கூல்ல அழுதுக்கிட்டு இருப்பா" என்றார் லிஃப்ட்காரர்.

டீச்சர் நடத்தியது ஒரே பாடம்தான். ஒரு விஷயத்தைப் பற்றி நாலு பேர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, நாலையும் சேர்த்து ஒன்றாக எழுதுவது. கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும். மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்ததும், "ஒவ்வொரு வரிக்கும் அது எந்தக் கட்டுரையில இருந்து வந்துச்சோ அந்தக் கலர் பூசுங்க" என்பாள். முதல் கட்டுரைக்கு மஞ்சள், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்குப் பச்சை, நாலாவதுக்கு ரோஸ். பூசி முடித்தால் பக்கம் நாலு பட்டை போட்ட கொடி மாதிரி நிற்கும்.

"பார்த்தீங்களா, இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்னு வரிசையா நிக்க வச்சிருக்கீங்க. டிக்கெட் வாங்க நிக்கிற மாதிரி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே இல்ல. ஒரே பெஞ்சில உட்கார வைங்க. பேச விடுங்க. ரெண்டு பேரு ஏன் சண்டை போடுறாங்கன்னு கேளுங்க."

"சண்டை போட்டா நாம என்ன டீச்சர் பண்றது?"

"விலக்கி விடாதீங்க. எதனால சண்டைன்னு கண்டுபிடிங்க. அதைக் கண்டுபிடிச்சு எழுதுற வரிக்கு எந்தக் கலரும் பூச முடியாது. அது வெள்ளையா நிக்கும். அந்த வெள்ளைதான் நீங்க."

அதற்கு மாதிரியாக ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொடுப்பாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் அவளே எழுதிய ஆய்வேட்டிலிருந்து எடுத்த பக்கம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடங்களில் வேலை செய்கிறவர்களின் கைகள் ஏன் வெடிக்கின்றன என்பது விஷயம். சோப்பினால் என்று ஒருவர், வெந்நீரினால் என்று ஒருவர், வெளுப்புத் தூளினால் என்று ஒருவர். நாலாவது ஆள், எங்கள் ஆஸ்பத்திரியில் அதே சோப்பு, அதே வெந்நீர், அதே தூள்தான், யாருக்கும் கை வெடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். நாலு கலரும் கலந்து ஓடிய அந்தப் பத்தியின் நடுவில் ஒரே ஒரு வரி வெள்ளையாக நின்றது.

"கைகளை வெடிக்கச் செய்வது துவைப்பது அல்ல, துவைத்த ஈரம் காயுமுன் அதே கைகளால் உலர்ந்த துணியை மடிப்பதே."

நாலாவது ஆஸ்பத்திரியில் துவைக்கிறவர்கள் வேறு, மடிக்கிறவர்கள் வேறு. அவ்வளவுதான் சங்கதி. அந்த வரியைப் படிக்கும்போது டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

*

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்டக்டர் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

கதவைத் திறந்தது அண்ணி. டீச்சருடைய கணவரின் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இளவயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். டீச்சர் 'அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால்காரருக்கும் தபால்காரருக்கும்கூட அவள் அண்ணிதான்.

"குடையை இப்படிக் கொடும்மா. யாரு, காலேஜா?"

"ஆமாம்மா. டீச்சரைப் பார்க்கணும்."

"குளிச்சுக்கிட்டு இருக்கா. உள்ள வா. துணிக்கு நடுவுலதான் உட்காரணும், பரவாயில்லையா?"

மழையில் எதுவும் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சட்டைகளும் போர்வைகளும் தொங்கின. ஓர் ஓரத்தில் இஸ்திரி மேஜை. இன்னொரு ஓரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் டீச்சரின் கணவர் மூக்குக் கண்ணாடி ஒன்றுக்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமையும் நாலு கண்ணாடியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"வாங்க. தலையைக் குனிஞ்சு வாங்க. எங்க வீட்ல சட்டைக்குத்தான் முதல் மரியாதை" என்றார்.

கண்டக்டர் சிரிக்க முயன்றாள். வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொன்பது வயது. பதினாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே வேலை செய்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. உட்காரும்போது கையை ஊன்றி மெல்ல இறங்கியதை அண்ணி பார்த்தாள்.

"காலு?"

"ஆமாம்மா. டாக்டர் நிக்கக் கூடாதுங்கிறாரு. நிக்காம டிக்கெட் போட முடியுமா? டிப்போ ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு. பட்டம் வேணும். நாப்பது வயசுக்குள்ள விண்ணப்பிக்கணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு."

"முடிச்சுடு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

கண்டக்டர் பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். திரும்ப உள்ளேயே வைத்துவிட்டாள். "முடியாது போலிருக்கும்மா. நான் காப்பியடிச்சுட்டேன்னு டீச்சர் எழுதிக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு நாலு மணிக்குத் துறைத் தலைவர் அதுல கையெழுத்துப் போட்டுட்டார்னா இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் எனக்கு நாப்பது."

ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அண்ணி போர்வையை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"காப்பியடிச்சியா?"

"அடிச்சேனான்னு எனக்கே தெரியலம்மா. அதான் வந்தேன்."

வயதானவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஏன் விழுகிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். படி உயரம் என்று ஒரு கட்டுரை, ரோட்டுச் சரிவு என்று ஒன்று, டிரைவரின் அவசரம் என்று ஒன்று, கண்பார்வை என்று ஒன்று. நாலையும் பெஞ்சில் உட்கார வைத்தாள். பேசவே மாட்டேன் என்றார்கள்.

"பத்து நாள் உட்கார்ந்திருந்தேன்மா. அப்புறம் டீக்கடையில எங்க டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் டீயை ஊதிக்கிட்டே சொல்றாரு, 'அவங்க படியில விழறதில்லம்மா. வண்டி நிக்காதோன்னு பயந்து, ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே எழுந்திரிச்சுடறாங்க பாரு, அப்பவே பாதி விழுந்தாச்சு. படி மிச்சத்தைப் பண்ணுது'ன்னு. எனக்கு விளக்குப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. ஓடிவந்து எழுதினேன்."

"நல்ல வரிதானே" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதே வரி போன வருஷத்துல இருந்தே டிப்போ போர்டுல ஒட்டியிருந்திருக்கு, நான் பார்க்கல. பாதுகாப்பு நோட்டீஸ்ல. பஸ் பாஸ் எடுக்க வந்த டீச்சர் அதைப் பார்த்துட்டாங்க. போட்டோவும் எடுத்துட்டாங்க."

"அந்த நோட்டீஸை எழுதினது யாரு?"

"ஆபீஸ்ல யாரோ. அவங்களும் எங்க டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டுத்தான் எழுதியிருக்காங்க. அவர் பேரு அதுலயும் இல்ல. டீக்கடையில பேசினதை எல்லாம் பேர் போட்டு எழுதணும்னு எனக்குத் தோணலம்மா. புத்தகத்துல வந்தாத்தான் கலர்னு நினைச்சுட்டேன். அதான் வெள்ளையா விட்டுட்டேன்."

"வெள்ளையான்னா?"

கண்டக்டர் நோட்டிலிருந்து டீச்சர் கொடுத்த மாதிரிப் பக்கத்தை எடுத்து விரித்தாள். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். "இதாம்மா. மஞ்சள் ஒருத்தர், நீலம் ஒருத்தர், இப்படி. இந்த நடுவுல வெள்ளையா இருக்குது பாருங்க, இது டீச்சரே யோசிச்சு எழுதினது. இதே மாதிரி ஒண்ணு எழுதணும்னுதான் ஆசைப்பட்டேன்."

அண்ணி தம்பியிடம் கையை நீட்டினாள். அவர் முடுக்கிக்கொண்டிருந்த யாருடைய கண்ணாடியையோ கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு, விரலை வரியின் அடியில் வைத்து, மெதுவாகப் படித்தாள். அண்ணி படிப்பது எப்போதும் மெதுவாகத்தான்.

உள்கதவில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தது. எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் கண் அண்ணியின் விரலில் இருந்தது. நுனி தடித்து, ஓரமெல்லாம் பழைய வெடிப்புகள் கோடுகோடாக ஆறிக் கறுத்துப்போன விரல். அது "துவைத்த ஈரம் காயுமுன்" என்பதன் அடியில் நகர்ந்து, "மடிப்பதே" என்பதில் வந்து நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது.

"இது யாரு எழுதினதுன்னு சொன்ன?"

"டீச்சரம்மா. அவங்க சொந்த வரி."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். தாளைப் பத்திரமாக உறைக்குள் போட்டு, கண்டக்டரிடம் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கா" என்றாள்.

கடவுள் சில நேரம் நம்மைக் கண்டிக்க நல்லவர்களைத்தான் அனுப்புகிறார். அவர்கள் கண்டிக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். அண்ணியும் எழுந்து போனாள். அடுப்பங்கரையில் டீக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் அன்று கண்டக்டரிடம் என்ன பேசினாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. "நாளைக்கு வகுப்புக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாளாம். கண்டக்டர் தலையாட்டினாள். போகும்போது குடையை வாங்கிக்கொண்டு, "பேசினவங்களும் ஒரு மூலம்தான்னு முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா போட்டிருப்பேன் டீச்சர்" என்றாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. நிஜமாகவே அதைத்தான் நினைத்தாள்.

*

டீச்சர் அதை மறந்திருக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் இதே வீட்டு அடுப்பங்கரை மேஜையில் நாலு கட்டுரைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அண்ணி, கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எதுக்கும்மா அழற?" என்று கேட்டாள். சொன்னாள். அண்ணி நாலு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"தண்ணிக்குள்ளயே கிடக்கிற கை வெடிக்காதும்மா. ஊறித்தான் போகும். ஈரக் கையோட காஞ்ச துணியைத் தொடறோம் பாரு, துணி நம்ம கையில இருக்கிறதையும் சேர்த்து உறிஞ்சிடுது. அந்த நாலாவது ஆஸ்பத்திரியில துவைக்கிற ஆளும் மடிக்கிற ஆளும் ஒண்ணா வேறயான்னு விசாரி. வேறயாத்தான் இருக்கும்."

விசாரித்தாள். வேறுதான்.

எழுதும்போது யார் சொன்னதென்று போட வேண்டிய இடம் வந்தது. எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று போடுவது? எண்ணெய்க் கையோடு அடுப்பங்கரையில் நின்று சொன்னதற்குப் பக்க எண் ஏது? சலவைக்காரி சொன்னாள் என்று எழுதினால் யார் மதிப்பார்கள், அதுவும் சொந்த நாத்தனார். அப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனாள். வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "இந்த வரி எங்கேருந்து வந்துச்சும்மா?" என்று கேட்டார். "யோசிச்சு எழுதினது சார்" என்றாள். பொய் இல்லை, யோசித்துத்தானே எழுதினோம் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அன்று பட்டம் உறுதியானதும் கல்லூரியில் தேநீர் கொடுத்தார்கள். அண்ணி ஷிப்டிலிருந்து நேராக, சலவைக்கூட உடுப்போடு வந்து கடைசிச் சுவரோரம் நின்றாள். "அது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "வீட்ல இருக்கிறவங்க" என்றாள் டீச்சர். அண்ணி தூரத்தில் நின்றதால் காதில் விழுந்திருக்காது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதையெல்லாம் விட ஒன்று அவளை அறுத்தது. டிப்போ போர்டில் அந்த நோட்டீஸைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடித்துவிட்டோம் என்று இருந்தது. போட்டோவை இரண்டு தடவை எடுத்தாள், முதலில் எடுத்தது கொஞ்சம் மங்கியிருந்ததால்.

ஞாயிறு முழுவதும் அண்ணி வழக்கம்போலவே இருந்தாள். ரொட்டி சுட்டாள், சூப்புக்குக் காய் நறுக்கினாள், எந்தச் சட்டை காய்ந்தது எது காயவில்லை என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சாப்பிடும்போது டீச்சர் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, காலையில அந்தப் பொண்ணு..."

"பாவம், அவளுக்கு முழங்கால் ரொம்ப மோசம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு."

"அது இல்ல அண்ணி."

"உப்புப் போதுமா பாரு."

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி கை கழுவப் போனதும் தாழ்ந்த குரலில், "அந்த வெள்ளை வரி அக்கா சொன்னதுதானே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு நானும் இந்த மேஜையிலதானே உட்கார்ந்திருந்தேன். நீ எங்கயாவது போட்டிருப்பன்னு நினைச்சேன். நான் அதையெல்லாம் படிச்சேனா என்ன? அடுத்தவங்களுக்குக் கண்ணாடி மாட்டி விடுறவன், நான் எதையும் சரியாப் பார்க்கிறதில்ல."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

*

திங்கட்கிழமை மதியம் டீச்சர் துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். கடிதம் மேஜையில் தயாராக இருந்தது. அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இதை நான் திரும்ப எடுத்துக்கிறேன் சார். அந்தம்மாவுக்குப் பதினஞ்சு நாள் கொடுங்க. டிரைவர் பேரைப் போட்டு எழுதிக் கொடுத்துடுவாங்க."

"நீங்கதானே கொண்டு வந்தீங்க? போட்டோவோட."

"ஆமா. நான் கொண்டு வந்திருக்கக் கூடாது." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அது கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பூ வைத்த கல்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், மழைச்சாரல் அடிக்கவே இல்லை என்றாலும்.

"பதினெட்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்குள்ள நடந்தது. யாரு கேட்கப் போறாங்க? அந்தம்மாவுக்கு வேணும்னா நான் அவகாசம் கொடுக்கிறேன். நீங்க எதுக்கு இதைச் சொல்லிக்கிட்டு?"

"மாதிரிப் பக்கத்தை மாத்தணும் சார். மாத்தினா ஏன்னு கேட்பாங்க. கேட்டா சொல்லணும்."

"சொன்னா உங்க ஆய்வேட்டையே திரும்பப் பார்க்கணும்னு யாராவது மனு போடுவாங்க."

"போடட்டும் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்படின்னா அடுத்த பருவம் இந்தப் பாடத்தை வேற யாராவது எடுக்கட்டும். தண்டனைன்னு நினைக்காதீங்க."

"தண்டனைன்னே நினைச்சுக்கிறேன் சார். எனக்கு அதுதான் சுலபம்."

அவர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். கிழித்ததை அவளிடமே கொடுத்தார்.

மூன்று மணிக்கு வகுப்பு. கண்டக்டர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போக வேண்டி வந்தால் வசதியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். டீச்சர் எல்லாரையும் மாதிரிப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள்.

"நடுவுல வெள்ளையா இருக்கிற வரியைப் பாருங்க. அது என்னோடது இல்ல."

லிஃப்ட்காரர் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

"சலவைக்கூடத்துல வேலை பார்த்த ஒருத்தங்க சொன்னது. என் நாத்தனார். என் வீட்லயே இருக்காங்க. அவங்க சொன்னதாலதான் அந்த நாலு கட்டுரையும் ஒண்ணாச்சு. நான் பேரைப் போடல. போட வெட்கமா இருந்துச்சு. வெள்ளையா விட்டுட்டு, அது நான்தான்னு இத்தனை வருஷமா உங்களை மாதிரி எத்தனையோ பேருக்குச் சொல்லிட்டேன்." கரும்பலகையில் அண்ணியின் முழுப் பெயரையும், அதன் கீழே செய்த வேலையையும், 'நேரில் சொன்னது' என்பதையும், வருஷத்தையும் எழுதினாள். எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. குனிந்து எடுத்து, மிச்சத்தை எழுதினாள். "பேசினவங்களும் மூலம்தான். இதை முதல் வகுப்புலயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. அதுக்காக உங்கள்ல ஒருத்தர் மேல புகார் எழுதினேன். அதை இன்னைக்குக் கிழிச்சாச்சு."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த நர்ஸ், பார்க்காதது மாதிரி அவள் பக்கம் தன் கைக்குட்டையை நகர்த்தினாள்.

மாவு பிசைகிறவர் கேட்டார்: "அப்ப இந்த வரிக்கு என்ன கலர் டீச்சர் பூசறது?"

டீச்சர் அதை யோசித்திருக்கவில்லை. நாலு கலர் ஏற்கனவே நாலு பேருக்குப் போய்விட்டது. தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பெட்டி மாறியிருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் சீவாமல் புதிதாகவே கிடக்கிற பென்சில் ஒன்று உண்டு. அதை எடுத்தாள். வகுப்பு முழுவதும் அதே பென்சிலைத் தேடி எடுத்தது. சீவுகிற சத்தம் கேட்டது. பிறகு பூசுகிற சத்தம்.

"டீச்சர், இப்ப இந்தப் பக்கத்துல உங்க வரின்னு எதுவுமே இல்லையே" என்றார் லிஃப்ட்காரர். கேலியாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார்.

"ஆமா, இல்ல" என்றாள் டீச்சர்.

*

ஆறு மணி இருக்கும், வீட்டுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. அண்ணி பின்பக்கத்துக் கொடியிலிருந்து போர்வைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றினாள். குழாயடியில் கைகால் கழுவினாள். அப்படியே அங்கேயே நின்றாள்.

"அண்ணி, அந்த வரி நீங்க சொன்னது. இன்னைக்கு வகுப்புல சொல்லிட்டேன். உங்க பேரை போர்டுல எழுதினேன்."

அண்ணி ஒரு கிளிப்பைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். அடுத்ததைக் கழற்றினாள். வாயிலிருந்ததை எடுத்த பிறகுதான் பேசினாள்.

"இனிஷியல் சரியாப் போட்டியா?"

"போட்டேன்."

"அதுக்கு எதுக்கு இப்படி நிக்கிற?"

"உங்களுக்குக் கோபமே இல்லையா அண்ணி?"

"இல்லாம இருக்குமா? நான் என்ன கல்லா?" போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வரி போனாப் போகுது. சொன்னதை யாராவது எழுதினா நல்லதுதான். பதினெட்டு வருஷமா அதை வச்சுப் பாடம் நடத்துறியே, ஒரு நாளாவது வந்து, 'அண்ணி, நீங்க சொன்னது இன்னைக்குப் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுது'ன்னு சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு உள்ளுக்குள்ளயே சந்தோஷப்பட்டிருப்பேன். யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

டீச்சர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"அன்னைக்கு உங்க காலேஜுல, வீட்ல இருக்கிறவங்கன்னு சொன்ன பாரு. அதுதான் கொஞ்ச நாள் வலிச்சுது."

"கேட்டுச்சா?"

"மெஷின் சத்தத்துக்கு நடுவுல முப்பது வருஷம் வேலை பார்த்தவ நான். வாய் அசையறதைப் பார்த்தாலே போதும்." அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி விடு. வீட்லதானே இருக்கேன். பொய்யா சொன்ன?"

டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி தடுக்கவில்லை. அடுத்த போர்வையின் கிளிப்புகளைக் கழற்றினாள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அழுகை நின்ற பிறகு கேட்டாள்.

"அந்தக் கண்டக்டர் பொண்ணு?"

"முடிச்சுடுவாங்க. டிரைவர் பேரைப் போட்டு எழுதித் தர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"நல்லது. அது சரி, கலர் கலராப் பூசுவீங்களே. எனக்கு என்ன கலர் போட்ட?"

டீச்சருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "பழுப்பு அண்ணி. மத்ததெல்லாம் ஏற்கனவே போயிடுச்சு. பெட்டியில அதுதான் மிச்சமிருந்துச்சு."

அண்ணி யோசித்தாள்.

"நல்ல கலர்தான்" என்றாள். "அழுக்குத் தெரியாது."

பிறகு பெரிய போர்வையை உதறி, இரண்டு நுனிகளைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு நுனிகளையும் எதிர்ப்பக்கம் நீட்டினாள். டீச்சர் வாங்கக் கையை நீட்டினாள். அண்ணி நுனிகளைக் கொடுக்காமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஈரக் கை. துடைச்சுக்கிட்டுப் பிடி."